பயணத்துக்கு ஆண்கள் மாட்டிக்கொள்ளும் சின்னத் தோள்பை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட வரை விஷயம் இதுதான். மே மாதக் கடைசியில் அப்பா அம்மாவோடு திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ஏழு நாள் பயணம் போகிறீர்கள். பெரிய பெட்டிகள் ஹோட்டலில் இருந்துவிடும். பகலில் சுற்றும்போது மூன்று பேருடைய பாஸ்போர்ட், போன், பவர்பேங்க், பணம், அம்மாவின் மாத்திரை, ஒரு தண்ணீர் பாட்டில் இவ்வளவும் வைக்க ஒரு தோள்பை வேண்டும். முதுகுப்பை வேண்டாம். 2,000 ரூபாய்க்குள் எந்த பிராண்டு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில், "லேடீஸ் ஹேண்ட்பேக் மாதிரி இருந்து பசங்க கிண்டல் பண்ணக் கூடாது" என்றும் ஒரு வரி. பிராண்டைப் பற்றி நீங்கள் கேட்டாலும், எதையெல்லாம் கையோடு கொண்டுபோவது, அதை எப்படித் தொலைக்காமல் கொண்டுவருவது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று படுகிறது. அதற்குப் பதில் சொல்கிறேன். கிண்டலுக்கும் பதில் இருக்கிறது.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பை தைப்பதும் ரிப்பேர் பார்ப்பதுமாக இருப்பவன். ஜிப், அதை இழுத்து மூடும் ரன்னர், கைப்பிடி, சக்கரம், பூட்டு எல்லாம் பார்ப்பேன். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மேஜைக்கு வருவது கிழிந்த பைகள்தான். கிழியாத பையை யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டுவதில்லை. ஒரு கம்பெனிப் பை மாதம் பத்து வருகிறது என்றால் அது மட்டமான பை என்றும் அர்த்தமாகலாம், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றும் அர்த்தமாகலாம். அதனால் பிராண்டு பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிற தகுதி எனக்கு இல்லை. பை எந்த இடத்தில் கிழியும், ஏன் கிழியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் 700 ரூபாய்ப் பையிலும் நல்லதைப் பொறுக்கிவிடலாம், 2,500 ரூபாய்ப் பையையும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம்.

முதலில் கிண்டல் விஷயத்தை முடித்துவிடுவோம். தோளில் குறுக்கே பை மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளையை நம் ஊர் இன்றைக்கா பார்க்கிறது? எழுத்தாளர், நிருபர், கட்சிக்காரர் தோளில் தொங்கிய ஜோல்னாப் பையை விடுங்கள். பஸ் கண்டக்டர் பையை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் பயணப் பைக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது. அகலமான பட்டை. பை தொடையில் போய் இடிக்காமல் விலாவோடு ஒட்டி நிற்கிற அளவுக்குக் குட்டையாக இழுத்துவிட்டிருப்பார்கள். நோட்டுக்கு ஓர் அறை, சில்லறைக்கு ஓர் அறை. இரண்டு கையும் காலி. எண்பது பேர் நசுங்குகிற வண்டியில் முன்னும் பின்னும் நடப்பார், பையின் வாய் அவர் முழங்கைக்குக் கீழேயே இருக்கும். பழைய கண்டக்டர் பைகள் பட்டை மாற்றுவதற்காக எனக்கு வந்திருக்கின்றன. உள்பக்கம் வியர்வையில் கறுத்துப் பலகை மாதிரி ஆகியிருக்கும், தையல் மட்டும் அப்படியே நிற்கும். பெயர்தான் இப்போது ஸ்லிங், கிராஸ்பாடி என்று மாறியிருக்கிறது. கிண்டல் செய்கிறவர்கள் எப்படியும் செய்வார்கள். ஆனால் வியட்நாமில் பத்து நிமிடத்துக்கொரு முறை பேன்ட் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர்களாகத்தான் இருக்கும்.

அடுத்து அளவு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். பை பெரிதாக இருந்தால் நிரப்பத் தோன்றும். அப்பாவின் துண்டு, அம்மாவின் குடை, மூன்று பிஸ்கட் பாக்கெட் எல்லாம் உங்கள் தோளுக்கு வந்துசேரும். பாஸ்போர்ட் 12.5 செ.மீ. நீளம், 8.8 செ.மீ. அகலம். இன்றைய பெரிய போன் 16 செ.மீ. சொச்சம். மூன்று பாஸ்போர்ட், போன், கையடக்கமான பவர்பேங்க், மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு இவை எல்லாம் 24 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம், 7 செ.மீ. கனம் உள்ள பையில் தாராளமாக அடங்கும். லிட்டர் கணக்கில் சொன்னால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் பையின் அட்டையிலேயே லிட்டர் போட்டிருப்பார்கள். 2 முதல் 4 லிட்டருக்குள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்தைத் தாண்டினால் அது சின்னப் பை இல்லை.

தண்ணீர் பாட்டிலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. மற்ற எல்லாம் சேர்ந்தே ஒரு கிலோதான் வரும் என்கிறபோது, பாட்டில் ஒன்றே எடையை இரட்டிப்பாக்கிவிடும். தவிர, உள்ளே வைத்த பாட்டில் வியர்க்கும், சில சமயம் ஒழுகும். பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாது. பட்டை அறுந்து என்னிடம் வரும் சின்னப் பைகளைத் தந்தவர்களிடம், "உள்ள என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது தண்ணீர் பாட்டில்தான். போகிற இடத்தில் அரை லிட்டர் பாட்டில் வாங்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடையில் பையைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்ப்பது? பெயரையும் நிறத்தையும் பார்க்காமல், பட்டை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். போன மாதம் ஓர் இளைஞர் பை ஒன்று கொண்டுவந்தார். சாம்பல் நிறம், பார்க்க அம்சமாக இருந்தது, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். ஒரு பக்கப் பட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. லைனிங்கைப் பிரித்துப் பார்த்தேன். பட்டையின் நுனி உள்ளே போயிருந்தது சரியாக அரை இஞ்ச். பக்கத் துணி இரண்டும் சேரும் தையலுக்குள் அதைச் செருகி, மேலே ஒரே ஓட்டு ஓட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு துண்டு நாடாகூட வைத்துத் தைக்கவில்லை. ஒரு ஓரத்துத் துணியும் பத்துப் பன்னிரண்டு தையலும் சேர்ந்து மொத்த எடையையும் தாங்க வேண்டும் என்றால் எப்படித் தாங்கும்? நான் உள்பக்கம் மூன்று இஞ்ச் நைலான் நாடா வைத்து, பட்டை நுனியை அதன்மேல் படிய விட்டு, நாலு பக்கமும் கட்டம் போட்டு நடுவில் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஓட்டிக் கொடுத்தேன். இனி அந்தப் பையில் வேறு எது போனாலும் அது போகாது.

அந்தப் பெட்டித் தையல்தான் நீங்கள் தேட வேண்டியது. பட்டை அடியில் சதுரமும் பெருக்கல் குறியும் தெரிந்தால் நல்லது. அல்லது முன்னும் பின்னும் நெருக்கமாக ஓட்டிய தடித்த கோடு மாதிரி ஒரு தையல் இருக்கும், அதுவும் நல்லதுதான். இரண்டும் இல்லாமல் பட்டை நேரே பக்கத் தையலுக்குள் மறைந்துபோனால், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அப்போது பையை ஒரு கையிலும் பட்டையை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுத்து, தையல் துளைகள் வாய் பிளக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பட்டை கொக்கி போட்டு மாட்டுகிற வகையாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுழலும் கொக்கிகளில் நிறைய, துத்தநாகக் கலவையை வார்த்து மேலே பளபளப்பாக முலாம் பூசியவை. வளையாது. வளையாததால் ஒருநாள் பட்டென்று உடையும். உடைந்த இடத்தைப் பார்த்தால் சுண்ணாம்புக் கட்டி உடைந்தது போலச் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சின்னப் பைக்குக் கொக்கியே தேவையில்லை. பட்டையை நேரே தைத்து, நீளம் கூட்டிக் குறைக்க ஓர் அட்ஜஸ்டர் மட்டும் இருந்தால் உடைவதற்கு ஒரு பொருள் குறைவு. பட்டையின் அகலம் ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். ஒரு இஞ்ச் பட்டை பார்க்க ஒல்லியாக அழகாக இருக்கும், மத்தியானத்துக்குள் தோளில் கோடு போட்டுவிடும்.

ஜிப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். மூடிய நிலையில் பல்வரிசை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை ஒட்டித்தான் ஜிப்புக்கு 3, 5, 8, 10 என்று நம்பர் வைக்கிறார்கள். பாண்ட்டில் வருகிற அளவு மெல்லிய 3-ஆம் நம்பரைப் பையின் வாய்க்குப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். குறைந்தது 5 இருக்க வேண்டும். வாய் வளைகிற மூலையில் ரன்னரை ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். பை காலியாக இருக்கும்போது எல்லா ஜிப்பும் ஓடும், அதனால் உங்கள் போன், பர்ஸ், கைக்குட்டையை உள்ளே போட்டுவிட்டு இழுங்கள். ஒய்.கே.கே. என்ற ஜப்பான் கம்பெனி ஜிப் நன்றாக உழைக்கும் என்பது என் அனுபவத்திலும் உண்மைதான். 1934-இல் யோஷிதா தடாவோ தொடங்கிய கம்பெனி அது, அந்த மூன்றெழுத்தே அவர் குடும்பப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் ரன்னரில் அந்த எழுத்து இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். ரன்னர் ஒன்று, பல்வரிசை வேறொன்று என்று போட்ட பைகளைப் பிரித்திருக்கிறேன்.

இன்னொன்று, இது என் பிழைப்புக்கே விரோதம், இருந்தாலும் சொல்கிறேன். ஜிப்பை மூடிய பிறகு ரன்னருக்குப் பின்னால் வாய் பிளந்துகொண்டே வந்தால், "ஜிப் போச்சு" என்று எல்லோரும் பையைத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் ஜிப் போகவில்லை. ரன்னர் தேய்ந்து அதன் இரண்டு தகடும் சற்று அகன்றிருக்கும், பல்லை அழுத்திச் சேர்க்க முடியாது. சின்ன குறடு எடுத்து ரன்னரின் பின்பக்க ஓரம் இரண்டையும் ஒரு மயிரிழை அழுத்திவிட்டால் திரும்ப மூட ஆரம்பிக்கும். பயணத்தின் நடுவில் இது உயிர் காக்கும். அதிகம் அழுத்தினால் உடைந்துவிடும், பார்த்து. ஊருக்குத் திரும்பியதும் ரன்னரை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கேட்டால் அது அநியாயம்.

துணி விஷயத்தில் கடைக்காரர் டெனியர் என்று ஒரு நம்பர் சொல்வார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர், வேறொன்றுமில்லை. 600 என்றால் 300-ஐவிடத் தடித்த நூல், அவ்வளவுதான். எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள், உள்ளே என்ன பூச்சு கொடுத்தார்கள் என்பதை அந்த நம்பர் சொல்லாது. நைலான் உராய்வைத் தாங்கும், பாலியஸ்டர் வெயிலை அதிகம் தாங்கும். ஏழு நாள் பயணத்துக்கும் அதற்குப் பிறகு உள்ளூரில் நாலு வருடம் மாட்டுவதற்கும் இரண்டில் எது என்றாலும் பரவாயில்லை. துணி கிழிந்து வந்த சின்னப் பை எனக்கு அபூர்வம். தையல்தான் விடும், இல்லை என்றால் ஜிப், இல்லை என்றால் கொக்கி.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் பை. இப்போது பியூ லெதர், வீகன் லெதர் என்று கௌரவமான பெயர்களில் வருகிறது. துணியின்மேல் பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சைக் காற்றிலிருக்கும் ஈரமும் சூடும் சேர்ந்து மெதுவாகச் சிதைக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சிதையும் என்பதுதான் வேடிக்கை. துபாயிலிருந்து மாமா கொடுத்தது என்று பீரோவில் பாலிதீன் உறையோடு பத்திரமாக வைத்திருந்து, மூன்று வருடம் கழித்து எடுத்தால் கருவாட்டுச் செதில் மாதிரிக் கை முழுக்கக் கறுப்பாக உதிரும். அதற்கு ரிப்பேர் கிடையாது. நிஜத்தோல் வேறு ஜாதி. ஆம்பூரும் வாணியம்பாடியும் திண்டுக்கல்லும் இருக்கிற மாநிலத்தில் தோலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோலில் தைப்பது போன்ற சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் நிஜத்தோல் பை காலியாகவே முக்கால் கிலோ, ஒரு கிலோ இருக்கும், மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும், பூஞ்சையும் பிடிக்கும். இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது. உங்கள் பட்ஜெட்டில் நல்ல தோலும் கிடைக்காது.

மழை என்றதும் நினைவு வருகிறது. நீங்கள் போகிற மே மாதக் கடைசி, தெற்கு வியட்நாமில் மழைக்காலம் தொடங்கிவிட்ட நேரம். அங்கே பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் அரை மணி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். 'வாட்டர்புரூஃப்' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் தண்ணீர் துணி வழியாகப் போவதைவிட ஜிப் வழியாகவும் தையல் துளை வழியாகவும்தான் உள்ளே போகும். ரப்பர் பூசியது போலிருக்கும் ஜிப்கூடத் தூறலைத்தான் தாங்கும், கொட்டுகிற மழையை அல்ல. ஆகவே அதற்காகக் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கொடுக்காதீர்கள். ஜிப்பை மறைக்கிற மாதிரி மேலே ஒரு மடிப்புத் துணி இருக்கிற பை போதும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஐந்து ரூபாய் ஜிப்லாக் கவரில் போட்டு உள்ளே வையுங்கள்.

இப்போது திருட்டு. பிளேடு போட்டாலும் கிழியாத கம்பி வலை வைத்த பைகள், சிப் கார்டிலிருந்து தகவல் திருடுவதைத் தடுக்கும் உறைகள் என்று நிறைய விற்கிறார்கள். பிளேடு போட்ட பைகள் இத்தனை வருடத்தில் என்னிடம் வந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும். போலீஸ் கணக்கு வேறாக இருக்கலாம், பிளேடு விழுந்த பையை எல்லோரும் தைக்கக் கொண்டுவருவதில்லை. கார்டு விஷயத்தில் இன்னும் தெளிவாகவே சொல்லலாம். தொட்டுச் செலுத்தும் கார்டு சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பேசும். மின் பாஸ்போர்ட் சிப்பைப் படிக்க, உள்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்கள் முதலில் தெரிய வேண்டும், மூடிய புத்தகத்தை நடந்துபோகிறவன் படித்துவிட முடியாது. அந்த உறை இலவசமாக வந்தால் இருக்கட்டும், அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

உண்மையில் நடப்பது வேறு இரண்டு. ஒன்று, நெரிசலில் உங்களுக்குத் தெரியாமல் ஜிப்பைத் திறப்பது. எனக்கே நடந்தது. காசியில் தசாசுவமேத படித்துறை, சாயங்கால ஆரத்திக் கூட்டம். பையை முன்னால்தான் போட்டிருந்தேன், ஆனால் பட்டையை நீளமாக விட்டிருந்ததால் கூட்டம் நெருக்க நெருக்க அது தானாகவே இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய்விட்டது. ஆரத்தி முடிந்து பார்த்தால் வெளி அறை ஜிப் திறந்து கிடக்கிறது. போனது ஒரு கண்ணாடியும் அரை அட்டை மாத்திரையும்தான். பை தைக்கிறவனே பட்டையை இழுத்துவிட மறந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். எனவே பட்டையைக் குட்டையாக வையுங்கள். பை விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, உங்கள் முன்கை இயல்பாகப் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். வெளி அறையில் தொலைந்தால் அழமாட்டீர்கள் என்கிற பொருளை மட்டும் வையுங்கள். பணமும் பாஸ்போர்ட்டும் உடம்பைத் தொடுகிற பக்கத்து அறையில். அந்தப் பக்கம் ஒரு ஜிப் அறை இருக்கிற பையாகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, ஹோ சி மின் நகரத்தில் பேர்போனது, பைக்கில் வந்து பறிப்பது. பெரும்பாலும் போகிறது நடைபாதை ஓரத்தில் நின்று மேப் பார்த்துக்கொண்டிருப்பவர் கையிலுள்ள போன், அடுத்தது ஒற்றைத் தோளில் தொங்குகிற பை. பையைக் குறுக்கே மாட்டி, சாலைப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கமாக விட்டு நடங்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. குறுக்கே மாட்டினால் பறிக்க முடியாது என்பார்கள் ஒரு சாரார். பறிக்கிறவன் விடாமல் இழுத்தால் ஆளையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும், ஒற்றைத் தோளே மேல் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டாவது பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நான் குறுக்கே மாட்டுகிற கட்சி, ஏனென்றால் சுவர்ப் பக்கம் குட்டையாகத் தொங்குகிற பை அவன் கண்ணிலேயே படாது. உங்கள் அம்மாவையும் நடைபாதையின் உள்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள்.

மூன்று பாஸ்போர்ட்டும் தினமும் பையில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஹோட்டல் அறையில் லாக்கர் இருந்தால் அசலை அங்கே பூட்டிவிட்டு, நகலும் போனில் படமும் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் நிறைய. கையோடு இருப்பதுதான் நிம்மதி என்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் மூன்றையும் ஒரே பையில் போடாதீர்கள். அந்த ஒரு பை போனால் மூன்று பேரும் தூதரகத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

உள் அறைகள் எத்தனை என்று எண்ணாதீர்கள். பதினொரு பாக்கெட் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள், எதில் எதை வைத்தோம் என்று தேடியே நேரம் போகும். மூன்று போதும். ஆனால் ஒன்று பணத்துக்கு மட்டும் என்று இருக்கட்டும், அதிலும் ஒரு தடுப்பு இருந்தால் நல்லது. காரணம், வியட்நாம் நோட்டுகளில் சைபர் அதிகம். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். அங்குள்ள பெரிய நோட்டு 5 லட்சம் டாங், 1,600 ரூபாய்க்கு மேல் வரும். அதுவும் நீலம், 20,000 டாங் நோட்டும் நீலம், பின்னது எழுபது ரூபாய்கூடப் பெறாது. இளநீர்க்காரரிடம் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிடுவது சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகச் செய்கிற தவறு. கண்டக்டர் மாதிரிப் பெரிய நோட்டு உள்ளறை, சில்லறை நோட்டு முன்னறை என்று பிரித்துவிடுங்கள். லைனிங் வெளிர் நிறமாக இருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கறுப்பு லைனிங்குக்குள் கறுப்புப் பர்ஸைத் தேடுவது கிணற்றுக்குள் வாளியைத் தேடுகிற கதை. காந்த பட்டன் வைத்த பை என்றால், ஹோட்டல் அறைச் சாவிக் கார்டை அதன் அருகில் வைக்காதீர்கள். காந்தப் பட்டை உள்ள பழைய வகைக் கார்டாக இருந்தால் அழிந்துபோய், ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷனுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

விமானத்தில் இந்தப் பைக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பவர்பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி, ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்த பிறகு பல இடங்களில் கெடுபிடி கூடிவிட்டது. கொரியா மார்ச் முதல் தேதியிலிருந்து அதைத் தலைக்குமேல் இருக்கும் அடுக்கில் வைக்கவே தடை போட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்த விடுவதில்லை. நீங்கள் ஏறுகிற விமானத்தின் விதியை டிக்கெட்டோடு வரும் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விதியானாலும் மடியிலிருக்கும் சின்னப் பையில் அது இருந்தால் உங்களுக்குச் சிக்கல் வராது. மலிவுக் கட்டண விமானங்களில் கைச்சுமைக்கு 7 கிலோ என்று சொல்லி, தோள்பையையும் தராசில் ஏற்றச் சொல்வதுண்டு. பை லேசாக இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். காலிப் பை 350 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோள்வலி பற்றிச் சொல்ல நான் டாக்டர் இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம், தோள்பட்டைப் பிரச்சினை ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இடுப்பில் கட்டும் பை அப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தலாம். என் வாடிக்கையாளர்கள் சொல்லிக் கேட்ட வரையில், மொத்தச் சுமை ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. மதியத்துக்கு மேல் தோளை மாற்றிப் போடுங்கள்.

பையை இணையத்தில் வாங்கினால் இவ்வளவையும் இழுத்துப் பார்க்க முடியாது. திருச்சியில்தான் இருக்கிறீர்கள், சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்தால் இருபது பை கையில் எடுத்துப் பார்க்கலாம். வாங்கியதும் பயணம் வரை பீரோவில் வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியட்நாமில் என்னவெல்லாம் வைப்பீர்களோ அவ்வளவையும் அதில் போட்டு மாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் வாருங்கள். நின்றுகொண்டே போங்கள். பட்டை எவ்வளவு நீளம் வேண்டும், எந்தப் பக்கம் சௌகரியம், போன் எந்த அறையில் இருந்தால் கை தானாகப் போகிறது எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பட்டை வேர் பலவீனமாகத் தோன்றினால் பக்கத்தில் எந்தப் பை ரிப்பேர்க் கடையிலும் கொடுத்து, "உள்ளே நாடா வைத்துப் பெட்டித் தையல் போடுங்கள்" என்று சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கடைசியாக உங்கள் அப்பா. ஊரில் வேட்டிதான் கட்டுவார், அவருக்கும் ஒரு பை வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவரிடம் பச்சை பெல்ட் இருக்கும். பணம் வைக்க அதைவிடப் பாதுகாப்பான சாதனத்தை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை. பாக்கெட் வைத்த பட்டாபட்டி டிராயர் அதற்கு அடுத்தபடி. விமான நிலையச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்கள், அதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது அநேகமாக உங்கள் அம்மாவுக்கே அப்போதுதான் தெரியவரும்.